மஞ்சள் துணிக்கு அடியில் இருந்த கட்டு

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் மருந்துக் கொட்டகையில் பதினோரு வருஷம் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக இருந்தேன். அட்டை கடித்துச் சீழ் வைத்த கால், வெந்நீர் கொட்டிய முதுகு, ஃபாக்டரி உருளையில் மாட்டிய விரல் என்று எத்தனையோ பார்த்தாயிற்று. முகங்களெல்லாம் மறந்துபோய்விட்டன. ஒரு கை மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. பந்தியில் உட்கார்ந்தால்கூட எதிரே சாப்பிடுகிறவரின் நகத்தைத்தான் பார்க்கிறேன், நிறம் சரியாக இருக்கிறதா என்று. வீட்டில் இதைப் பைத்தியம் என்கிறார்கள். இருக்கலாம், நான் மறுக்கவில்லை.

அப்போது மூணாறு ரோட்டில் லாரி ஓட ஆரம்பித்துவிட்டது. எங்கள் டிவிஷனுக்கு மட்டும் ஒற்றையடிப் பாதைதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நல்ல நாளிலேயே நாலு மணி நேரம் நடக்க வேண்டும். மழை என்றால் ஐந்து, ஆறு.

கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. செடியின் தலையை வெட்டி இறக்கும் வேலை அது. இடது கையால் கிளையைப் பிடித்து வலது கையால் கத்தியை மேலே இழுப்பார்கள். டிவிஷனிலேயே வேகமாக வெட்டுகிறவன் ஒருவன், போடிப் பக்கத்திலிருந்து பெண்டாட்டியோடு மலையேறி வந்தவன், அன்று காலையில் தன் இடது முன்கையை வெட்டிக்கொண்டான். நான் போவதற்குள் காப்பித்தூளை அப்பி வைத்திருந்தார்கள். ரத்தம் அதைத் தள்ளிக்கொண்டு துடித்துத் துடித்து வந்தது. அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. முழங்கைக்கு மேலே துணியைச் சுற்றி, ஒரு தேயிலைக் குச்சியைச் செருகி முறுக்கினேன். நின்றது. சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

கால் மணிக்கு ஒரு தரம் அந்தக் கட்டைத் தளர்த்தி, கைக்கு ரத்தம் விட்டு மறுபடி முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கை செத்துப்போகும். எனக்கு வேலை பழக்கிய டாக்டர் சொன்ன பாடம் இது. இப்போது வேறு மாதிரி சொல்கிறார்கள் என்று கேள்வி. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். விவரம் தெரியாதவன் எவனாவது அவிழ்த்துத் தொலைக்கப் போகிறானே என்று, "என்னைத் தவிர யாரும் இதைத் தொடக்கூடாது" என்று அதட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதக் கொட்டகைக்குப் போனேன்.

திரும்பி வருவதற்குள் அவனைக் கம்பளியில் கிடத்தி, இரண்டு மூங்கிலில் கட்டி, நாலு பேர் தூக்கிவிட்டார்கள். கூடவே நடந்தேன். முதல் ஓடையருகே கட்டைத் தளர்த்தலாம் என்று நிறுத்தச் சொல்லிக் கம்பளியை விலக்கினேன். என் கட்டு தெரியவில்லை. அதன்மேல், குச்சியையும் சேர்த்து, மஞ்சள் துணி இறுகச் சுற்றியிருந்தது. அதில் ஒரு காசு முடிந்திருந்தது.

அவன் பெண்டாட்டி பக்கத்தில் வந்து சொன்னாள். "பழனியாண்டவருக்கு முடிஞ்சதுய்யா. நீங்கதான் யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னீகளே. இங்கன கட்டுனா ஒருத்தரும் அவுக்க மாட்டாகன்னு இதுமேலயே கட்டிட்டேன்."

சாமிக்கு முடிந்த காசை நேர்த்தி செலுத்துமுன் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தவனைத்தான் தோஷம் பிடிக்கும். நானும் அப்படி வளர்ந்தவன்தான். என் காய்ச்சலுக்கு அம்மா முடிந்த காசு எங்கள் வீட்டு உத்தரத்தில் இரண்டு வருஷம் தொங்கியது. நீட்டிய கை தானாக நின்றுவிட்டது. அடுத்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பளியை மூடினேன்.

அடுத்த இடத்திலும் மூடினேன். மழை பிடித்துக்கொண்டது. வழுக்குகிற பாதையில் அவிழ்த்து ரத்தம் பீறிட்டால் என்ன செய்வது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அவன் விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தன. பனி என்று நினைத்துக்கொண்டேன். நகங்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன. மேகமூட்டத்தில் எல்லாம் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வெகு பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

தூக்கியவர்களில் ஒருவன், "அய்யா, இந்தக் கட்டை இடையில இளக்கி விடணும்பீகளே?" என்று கேட்டான். போன வருஷம் இன்னொருத்தனுக்கு நான் செய்ததை அவன் பார்த்திருக்கிறான்.

"எனக்குத் தெரியும். நீ நட" என்று எரிந்து விழுந்தேன்.

பாதி வழிவரை வெட்டுப்பட்டவன் வலியில் முனகிக்கொண்டே வந்தான். அப்புறம் சத்தம் அடங்கியது. குனிந்து பார்த்தேன். "இப்ப வலியே இல்லய்யா" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கை செத்துக்கொண்டிருந்தால்தான் வலி அப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே, "நல்லதுதான்" என்றேன். அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு நான் இத்தனை காலம் நடந்துகொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தரிக்கோலை வைத்து மஞ்சள் துணியையும் என் கட்டையும் ஒரே வெட்டாக வெட்டினார். அதே மாதிரி கத்தரிக்கோல் என் பையிலும் வழி முழுக்க இருந்தது. கடைசியாக எப்போது தளர்த்தினாய் என்று கேட்டார். கால் மணிக்கு ஒரு தரம் தளர்த்தினேன் என்று பொய் சொன்னேன். அவர் அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூன்றாம் நாள் முழங்கையோடு எடுத்துவிட்டார்கள்.

ஒற்றைக் கையால் கவ்வாத்து வெட்ட முடியாது. வேலையாட்களை மேய்க்கும் கங்காணி பேரேட்டிலிருந்து அவன் பேரை எடுத்துவிட்டார். எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்து கீழே இறங்கும் நாளில் அவள் மட்டும் மருந்துக் கொட்டகைக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவுத்து அவுத்துக் கட்டணுமாமே. ஆஸ்பத்திரியில பேசிக்கிட்டாக. எனக்குத் தெரியாமப் போச்சுய்யா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அவுத்திருப்பேன். ஆண்டவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வேற காசு முடிஞ்சிருப்பேன்."

நான் அவளைக் கேட்கவே இல்லை. அந்த ஐந்தரை மணி நேரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

கை எடுத்த புண் இன்னும் ஆறவில்லை, கட்டுவது எப்படி என்று காட்டுங்கள் என்றாள். துணிச்சுருளை எடுத்து அவள் கையிலேயே சுற்றிக் காட்டினேன். கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், நான் முடிச்சுப் போட்டதும் கேட்டாள்.

"இதை எப்பெப்ப அவுக்கணும்யா?"

"தினம் ஒரு தரம்" என்றேன்.

"தினம் ஒரு தரம், தினம் ஒரு தரம்" என்று மனப்பாடம் செய்வதுபோலச் சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.