யாரும் கையெழுத்துப் போடாத தாள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஈப்போ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அஞ்சலை அக்காவின் மகள் கலா அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க. எழுப்பப் போனேன், எந்திரிக்கவே இல்ல லா" என்றாள். மீனை வாங்கினேனா, அங்கேயே விட்டுவிட்டு வந்தேனா என்று இன்றுவரை நினைவில்லை.

எங்கள் கிளினிக்கில் வேலை செய்தவர்களுக்கு அக்காவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் அரசாங்கக் கிளினிக்கின் துப்புரவுப் பணியாளர், ஆனால் அரசாங்க ஊழியர் அல்லர். துப்புரவு வேலையைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியின் ஆள். நான் அங்கே ஸ்டோர் பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். அக்கா என்னைக் 'கிராணியாரே' என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்து ஆபீஸில் எழுதும் குமாஸ்தாவுக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். அவர் வாயிலிருந்து வரும்போது அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

அவர் துடைத்த தரை காயும்வரை யாரும் அதில் கால் வைக்க முடியாது. ஒருமுறை எங்கள் பெரிய டாக்டரையே துடைப்பக் கட்டையைக் குறுக்கே நீட்டி மறித்துவிட்டார். "நில்லுங்க டாக்டர். நீங்க வழுக்கி விழுந்தா ஒங்களுக்கு யாரு ஊசி போடறது?" டாக்டர் மலாய்க்காரப் பெண்மணி. அக்காவின் பாதித் தமிழும் பாதி மலாயும் அவருக்கு எப்படியோ புரியும். சிரித்துக்கொண்டே காய்கிறவரை நின்றார்.

பிறகு அந்தக் கொரோனா கிருமி வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய முதல் வாரங்களில் கடைகளில் முகக்கவசமே கிடையாது. இருந்ததெல்லாம் என் ஸ்டோரில். டாக்டர்களுக்கும் தாதியருக்கும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்காவோ சளி பரிசோதனை நடக்கும் கூடாரத்தைக் கழுவி, குப்பையைக் கட்டி எடுத்துப் போகிறவர். மூக்கில் ஒரு பழைய துண்டைக் கட்டிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"கிராணியாரே, எங்களுக்கும் மாஸ்க் வேணும் லா. வீட்ல அவருக்கு டயாலிசிஸ் ஓடுது. நான் எதையாச்சும் தூக்கிட்டுப் போயிட்டேன்னா அவரு தாங்க மாட்டாரு."

குத்தகைத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பொருள்களைக் கம்பெனிதான் தரவேண்டும் என்ற சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினேன். தவறில்லாமல் வாசித்தும் காட்டினேன். அப்படி ஒரு ஆள் நான். கம்பெனியின் மேற்பார்வையாளரோ, வேலை நடக்கும் இடம்தான் தரவேண்டும் என்று அக்காவைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு அறை மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டபடி ஒரு கதை சொன்னார். கோப்பெங் பக்கத்தில் அவர் பிறந்த ரப்பர்த் தோட்டம் பிற்பாடு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியது. அங்கே பல வருடம் களைக்கு மருந்தடித்தவர் அவர். "வருசத்துல ஒரு நாள் கவருமெண்டு ஆளு பாக்க வருவாரு. அன்னிக்கு காலையில ஆளு எண்ணுற பெரட்டுல எல்லாருக்கும் மூஞ்சி மூடி, கையொறை, பூட்ஸ் எல்லாம் குடுப்பாங்க. சாயங்காலம் கழுவி வைக்கணும்னு வேலை வாங்குற மண்டோர் திருப்பி வாங்கிக்குவாரு. அடுத்த வருசம்தான் மறுபடி கண்ணுல படும்." சிரித்தார். நானும் சிரித்தேன். என்னைத்தான் சொல்கிறார் என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

அதற்கடுத்த நாள் கலாவிடம் எழுதி வாங்கிய ஒரு தாளோடு வந்தார். மேலே தமிழில், கீழே மலாயில் ஒரே ஒரு வரி: 'இவர்களுக்கு முகக்கவசம் தருவது எங்கள் பொறுப்பு அல்ல.' அதன் கீழே பெயருக்கும் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தது.

"நீங்க தர வேணாம். இதுல கையெழுத்து மட்டும் போடுங்க, போதும்."

நான் போடவில்லை. அதிகாரமில்லை என்றேன். கம்பெனி மேற்பார்வையாளரும் போடவில்லை. வேலை முடிந்து, போலீஸ் தடுப்பில் விளக்கம் சொல்லிவிட்டு, சுகாதார அலுவலகத்துக்கே நேரில் போயிருக்கிறார். அங்கேயும் யாரும் போடவில்லை. நான்காம் நாள் வெறும் தாளை என் ஜன்னலில் விரித்து வைத்தார்.

"பாத்தீங்களா? வாயால எல்லாரும் சொல்றாங்க, ஒருத்தரும் எழுத மாட்டேங்கறாங்க. அப்ப யாரு பொறுப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

நேராக டாக்டரிடம் போனார். டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைக் கூப்பிட்டார். கொடுத்துவிடுங்கள், மேலே கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். சுற்றறிக்கையைப் பற்றி வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அன்று மதியமே துப்புரவுப் பெண்கள் எல்லாருக்கும் முகக்கவசம் கிடைத்தது. ஒரு வாக்கியத்தில் முடிந்த காரியத்துக்கு நான்கு நாள் ஆயிற்று.

அதே வாரக் கடைசியில் அவர் கணவருக்குக் காய்ச்சல் கண்டது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது, அவர் உயிரோடு திரும்பி வரவில்லை. அக்காவுக்கும் தொற்று இருந்தது, இருமல்கூட இல்லாமல். கணவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் அவரை விடவில்லை. எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. டயாலிசிஸ் மையத்திலேயே பலர் விழுந்திருந்தார்கள்.

தனிமைப்படுத்தல் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியபோது, நான் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ உளறினேன். அவர் திட்டவில்லை, அழவுமில்லை.

"நீங்க குடுத்திருந்தாலும் வந்திருக்கலாம், கிராணியாரே. ஆனா குடுத்திருந்தீங்கன்னா, விதின்னு விட்டிருப்பேன். இப்ப அப்படி விட முடியல." சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகும் பழையபடி பேசினார், கிண்டல் செய்தார், என் ஓய்வுநாள் விருந்துக்கு முறுக்கு சுட்டுக் கொண்டுவந்தார். அதைப் பற்றி மட்டும் மறுபடி பேசவில்லை.

அரசாங்கம் என்றால் நமக்கு எப்போதும் எங்கோ தூரத்தில் இருப்பது. குறை சொல்லவும் வசதி. முகக்கவசம் கேட்டு வந்த அன்று அக்காவுக்கு அரசாங்கம் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் இருக்கவில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம், சாவியோடு நின்ற நான்தான் அரசாங்கம். எனக்கு அது தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த அறிவு ஒன்றைத்தான். மிகத் தாமதமாக வந்த அறிவு.

பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, அம்மாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கலா கேட்டாள். அவரைப் பற்றி நாற்பதும் எழுதலாம். என்னைப் பற்றித்தான் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. அக்கா, முகக்கவசம் ஸ்டோரில் இருந்தது. அதை உங்களுக்குத் தருவது என் பொறுப்பு. நான் தரவில்லை. இதற்குக் கீழே என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டு, கலாவிடம் கொடுக்கிறேன்.