பாடத்துக்கு ஒரு முதுகு

ஒன்பது பேர் கட்டணம் கட்டிச் சேர்ந்த வகுப்பில் எட்டுப் பேருக்கு மட்டும் பாடம் நடந்தது என்றால் யாராவது நம்புவார்களா? நடந்தது. செருப்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த மசாஜ் பயிற்சி நிலையத்தில், ஒரு வருஷம் முழுக்க, யாருக்கும் ஒரு உறுத்தலும் இல்லாமல் நடந்தது. அந்த ஒன்பதாவது ஆள்தான் குச்சி. மற்றவர்கள் பாடம் படித்தது அவளுடைய முதுகில்.

குச்சி என்பது சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். கல்யாணமாகி, மகள் அவள் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் அது போகவில்லை. என்ன சாப்பிட்டாலும் அவள் உடம்பில் சதை பிடிக்கவுமில்லை. வேலை ஒரு பெரிய சலவை நிலையத்தில். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் விரிப்புகளை உருளை மெஷினில் விட்டு, அந்தப் பக்கம் சுடச்சுட வருவதைப் பிடித்து மடிக்க வேண்டும். கையைத் தூக்கித் தூக்கி அங்கே எல்லோருக்கும் தோள் கல்லாகியிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் "கொஞ்சம் பிடிச்சு விடேன்" என்று ஒருத்தி பின் ஒருத்தியாகக் குச்சியிடம் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள். அவள் கை பட்டால் அரை மணி நேரத்துக்காவது கழுத்து திரும்பும்.

விரிப்பில் கறை போகவில்லை என்று சண்டை பிடிக்க வந்த பிசியோதெரபி டாக்டரம்மா ஒருவர் இதைப் பார்த்துவிட்டார். கறையை மறந்துவிட்டு நின்று வேடிக்கை பார்த்தார். "முறையா படிச்சு சர்டிபிகேட்டோட வா. அடுத்த வருஷம் கிளினிக்கைப் பெருசாக்குறேன், உனக்கு ஒரு இடம் வச்சிருக்கேன். ஆனா அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது" என்றார். ஆவியில் வெந்து வெந்து கை தோலுரிந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? வேலை முடிந்த கையோடு மாலை வகுப்புக்கு ஓட ஆரம்பித்தாள். ஓசியில் இல்லை, எல்லோரும் கட்டிய அதே கட்டணத்தைக் கட்டித்தான்.

முதல் நாள், சொல்லிக்கொடுக்கும் மேடம் யாராவது ஒருத்தர் மேசையில் குப்புறப் படுக்க வேண்டும் என்றார். ஆளாளுக்குச் சுவரைப் பார்த்தார்கள். குச்சி போய்ப் படுத்தாள். துண்டை விலக்கியதும் மேடம் முகம் மலர்ந்துவிட்டது. தோள்பட்டை எலும்பு, முதுகெலும்பின் முடிச்சுகள், அதை ஒட்டி ஓடும் தசை எல்லாம் தொடாமலே தெரிந்தன.

"உன் முதுகு புத்தகம் மாதிரிம்மா. எல்லாரும் வந்து பாருங்க" என்றார்.

புத்தகத்தைப் படித்தவர்கள் தேறிப் போவார்கள், புத்தகத்துக்கு யார் மார்க் போடப் போகிறார்கள் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு பேர் ஜோடி சேர்ந்து, பாதி நேரம் ஒருத்தி, மீதி நேரம் இன்னொருத்தி கை வைக்க வேண்டும் என்பதுதான் வகுப்பின் முறை. குச்சி விஷயத்தில் அந்த முறை காற்றில் போனது. வங்கியில் ஓய்வு பெற்று, வீட்டில் பொழுது போகாமல் வந்து சேர்ந்த பேங்க்கம்மா முதலில் வருவார். அவருக்குப் பிறகு ஜிம்மில் பயிற்சி கொடுக்கும் பெண் வருவாள். அப்புறம் மற்றவர்கள். எல்லோரும் முடித்துக் குச்சி எழுந்து உட்காரும்போது அடுத்த பேட்ச் மாடிப்படியில் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டிருக்கும். "நாளைக்கு முதல்ல உனக்குத்தான்" என்பார் மேடம். அந்த நாளை வரவே இல்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டேவிட்டாள். "மேடம், நான் எப்ப கை வச்சுப் பழகறது?"

"உனக்குத்தான் ஏற்கெனவே நல்லா வருதே. இவங்கதான் தடவிக்கிட்டு இருக்காங்க. உனக்கு என்னம்மா குறை?"

இப்படித்தான் தலையில் ஐஸை வைத்து அதே தலையில் மிளகாயும் அரைத்தார்கள். நன்றாக வருகிறது என்றால் இன்னும் நன்றாக வரட்டும் என்று விடுவதல்லவா நியாயம்? அதையும் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள் அவள். ஆனால் வாயைத் திறந்தால் சர்டிபிகேட்டில் கை வைத்துவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. போய்ப் படுத்தாள்.

பேங்க்கம்மா கையைவிட வாயைத்தான் அதிகம் வேலை வாங்குவார். மருமகளைப் பற்றிய கோபம் ஏற ஏற, கட்டைவிரலும் இறங்கிக்கொண்டே போகும். ஜிம் பெண்ணுக்கு முழங்கைதான் பிடிக்கும். "வலிச்சா சொல்லுக்கா" என்பாள். சொன்னால், "இதுக்கேவா?" என்பாள்.

குச்சியின் புருஷன் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன். ஒரு நாள் காலை டியூட்டி முடிந்து வந்தவன், அவள் புடவை மாற்றும்போது முதுகைப் பார்த்துவிட்டான். அங்கங்கே கன்றிப் போய் நீலம் பாய்ந்திருந்தது.

"என்னடி இது?"

"பாடம்."

"காசையும் கட்டிட்டு அடியும் வாங்கிட்டு வர்ற ஆளை நான் இப்பதான் பார்க்கிறேன்."

அவனுக்குக் கோபம்தான். ஆனாலும் அவள் பழகிக்கொள்ளட்டும் என்று சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் படுத்தான். அதில் ஒரு தொல்லை, இரவெல்லாம் கண் விழித்தவன் கை பட்ட உடனே குறட்டை விடுவான். "வலிக்குதா இல்லையான்னு சொல்லிட்டுத் தூங்குய்யா" என்று உலுக்குவாள். அப்படியும் இப்படியுமாக அவனிடமும், சலவை நிலையத்துத் தோள்களிலும் அவளாகவே பழகினாள். வகுப்பில் கிடைக்காததை வெளியில் பொறுக்கிச் சேர்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பரிட்சை நாள் வந்தது. வெளியிலிருந்து தேர்வாளரம்மா ஒருவர் வந்திருந்தார். மேசையில் படுப்பதற்கு வெளியாள் ஏற்பாடு செய்தாகிவிட்டது என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். அப்படி ஒரு ஆளைக் காணோம். மேடம் குச்சியைக் கதவோரம் அழைத்துப் போனார்.

"நீ படுத்துக்கோம்மா. இவங்க எல்லாரும் பாஸாகணும் இல்ல? உனக்கு அடுத்த பேட்ச்சோட பரிட்சை வச்சுக்கலாம்."

அடுத்த பேட்ச் முடிவதற்குள் டாக்டரம்மா வேறு ஆளைப் போட்டிருப்பார். திரும்பவும் உருளை மெஷின், திரும்பவும் ஆவி. வெளியாள் என்று யாரையும் கூப்பிடவே இல்லை, ஆரம்பத்திலிருந்தே தன்னைத்தான் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்பது குச்சிக்கு அப்போதுதான் உறைத்தது.

பேங்க்கம்மா பக்கத்தில் வந்து குழைந்தார். "எங்களுக்கு உன் முதுகுதான் பழக்கம். வேற முதுகுன்னா எது எங்க இருக்குன்னே தெரியாது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

இத்தனை நாள் வாயை அடைத்திருந்த பயம் அந்த வார்த்தையில் விட்டுப் போயிற்று. குச்சி நேராகத் தேர்வாளரம்மா முன்னால் போய் நின்றாள்.

"நானும் பரிட்சைக்கு வந்தவதாங்க. எல்லாரையும் மாதிரி ஃபீஸ் கட்டிப் படிச்சேன். ஒரு வருஷமா என்னைப் படுக்க வச்சுதான் எல்லாரும் கத்துக்கிட்டாங்க. இன்னைக்கும் என்னையே படுக்கச் சொல்றாங்க. நான் படுக்க மாட்டேன்."

தேர்வாளரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "சரி, படுக்காதே. அப்ப யார் படுக்கறது?"

"மேடம் படுக்கட்டும்."

மேடம் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "நான் டீச்சர்ம்மா."

"டீச்சருக்கு முதுகு இருக்கக் கூடாதா?" என்றார் தேர்வாளரம்மா. "சீக்கிரம் தயாராகுங்க, எனக்கு நேரமாகுது."

மேடம் படுத்தார். துண்டை இங்கே இழுத்து, அங்கே இழுத்து, ஒரு வழியாகப் படுத்தார். எலும்பு எங்கே, தசை எங்கே என்று கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நல்ல அகலமான முதுகு. முதலில் குச்சியையே கூப்பிட்டார்கள். உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். ஆத்திரம் கைக்கே வந்துவிட்டது. முழங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் ஒரு வருஷக் கணக்கும் தீர்ந்துவிடும். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் கோபத்தோடு வைக்கிற கை என்ன செய்யும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த அறையில் இல்லை. எண்ணெய் சூடாகும்வரை, கை அடங்கும்வரை தேய்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் தொட்டாள்.

இடுப்பிலிருந்து மேலே நீவிக்கொண்டு போனாள். வலது தோளுக்குக் கீழே ஒரு முடிச்சு தட்டியது. மேடம் முனகினார்.

"இங்கதானா மேடம்?"

"ம். அங்கதான்... ரொம்ப நாளா."

அழுத்தத்தைக் குறைத்து, அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக முடிச்சு இளகியது. மேடமின் மூச்சும் நிதானமானது. அடுத்துக் கால்களுக்கு நகர்ந்து அதையும் நீவி முடித்தாள்.

"போதும்" என்றார் தேர்வாளரம்மா. "காலுக்குப் போகும்போது முதுகை மூடாம விட்டுட்ட. அது தப்பு. மத்ததெல்லாம் சரி. பாஸ்."

குச்சி கையைத் துடைத்தாள். கண் கலங்கியது, அதையும் அதே துண்டில் துடைத்தாள். மேடம் முகமெல்லாம் மேசையின் தடம் பதிந்திருக்க, துண்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெல்ல எழப் பார்த்தார்.

"எங்க எழுந்திரிக்கிறீங்க?" என்றார் தேர்வாளரம்மா. "மத்தவங்க யாருக்கும் இன்னும் பரிட்சை ஆகலையே. படுங்க."

பேங்க்கம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு முன்னால் வந்து, அந்த அகலமான முதுகைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். பின்னால் ஜிம் பெண் முழங்கையை நீவிக்கொண்டு நின்றாள். குச்சி ஒரு நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்தாள்.