சேவலோடு முடிந்த ரோல்

போன ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டில் அமலி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போனில் இடமில்லையாம். சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு படமாக அழித்துக்கொண்டிருந்தாள். "பாரேன், ஒரே சாம்பார் வடைய ஏழு தபா எடுத்து வெச்சிக்கீறேன்" என்று அலுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் அப்பா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையிலேயே கேமரா இருந்த ஒரே வீடு எங்களுடையது. அந்தத் திமிர் எனக்கும் கொஞ்சம் உண்டு. பிலிமைச் சுருளாக்கிச் சின்னப் பெட்டிக்குள் அடைத்து, யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம் என்று ஆக்கிய அந்த வெள்ளைக்காரர் மேல் அப்பாவுக்குத் தனி பக்தி. "பேங்க்ல குமாஸ்தாவா இருந்த மனுஷன். அவங்க அம்மா சமையக்கட்டுலயே மருந்து கலக்கிப் பாத்திருக்காரு. எல்லாம் நமக்காகத்தான்" என்பார், ஏதோ எங்கள் சித்தப்பாவைப் பற்றிச் சொல்வதுபோல. அந்தப் பக்தியால் வந்த வினை, ரோல் முழுசாக முடியாமல் கழுவக் கொடுக்கவே மாட்டார். ஒரு கிறிஸ்துமஸ் ஸ்டாரும் அதற்கடுத்த கிறிஸ்துமஸ் ஸ்டாரும் ஒரே ரோலில் வந்ததுண்டு.

அக்காவுக்கு வரன் பார்த்த சமயம். ஸ்டுடியோ படத்தில் அவள் அடையாள அட்டைக்கு நின்றவள் மாதிரி விறைப்பாக இருந்தாள். அதைப் பார்த்தே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவது இடம் வந்தபோது அக்கா அழுதேவிட்டாள். அப்பா, தானே எடுப்பதாகச் சொல்லி, பட்டுப்புடவையில் வேப்பமரத்தடியில் நிற்கவைத்து நாலைந்து எடுத்தார். மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்ததும் தரகர் படம் வாங்க வருவார். எடுத்த அன்றே சாயங்காலம் கடை சாத்துவதற்குள் ரோலைக் கொடுத்தால்தான் காலையில் கழுவித் தருவார்கள். ரோலிலோ பாதி பாக்கி!

"பாதியிலயே குடுத்தா இன்னா?" என்றாள் அம்மா.

"பிலிம வீணாக்கறதா? வாங்க எல்லாரும்!" அப்பா கேமராவோடு வாசலுக்கு ஓடினார்.

அப்புறம் நடந்தது திருவிழாதான். தண்ணீர்த் தொட்டி, அம்மாவின் குக்கர், தபால்காரரின் சைக்கிள் எல்லாம் படமாயின. பக்கத்து வீட்டு நாகம்மாக்கா தன் சேவலை இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணாத்தே, இத்த ஒண்ணு புடி. நாளைக்கு கொயம்பாப் பூடும்!"

சேவலுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். பிய்த்துக்கொண்டு ஓடியது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துரத்த, நாங்கள் அவள் பின்னால். கடைசியில் பிடித்தேவிட்டாள். கொண்டை அவிழ்ந்து, மூச்சு வாங்கி, சேவல் முகத்திலேயே இறக்கையடிக்க, வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா அழுத்தினார். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி, "ரோல் முடிஞ்சிடுச்சு!" என்று கத்தினார். வரிசை மொத்தமும் கைதட்டியது.

மறுநாள் படங்களைப் பரப்பினால், மரத்தடி அக்கா அதே அடையாள அட்டை அக்கா. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். தரகரோ சேவல் படத்தை எடுத்துப் பையில் போட்டார்.

"ஐயய்யோ, அது வேணாங்க!" என்று பதறினாள் அம்மா.

"சும்மா இரும்மா. இதுலதான் பொண்ணு கீது."

அந்த வாரமே சம்மதம் வந்தது. நாகம்மாக்காவுக்கு அப்புறம் சேவலை அறுக்க மனசே வரவில்லை. கல்யாணத்தன்றும் அது எங்கள் வாசலில் கூவிக்கொண்டு திரிந்தது.

அந்தப் பழைய படத்தை அக்கா போனிலும் எடுத்து வைத்திருக்கிறாள். விரல் அதன் பக்கம் போனதும், "எத்த வேணா அழி, சேவல் மேல மட்டும் கைய வெக்காத!" என்று அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து அதட்டினார், அன்று அந்தப் படத்துக்குச் சம்மதம் சொன்ன மாமா.

அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். படம் கழுவிய கடையில் போன் உறை விற்கிறார்கள். போதுமான இடம் கிடைத்ததும் அக்கா என்னையும் மாமாவையும் நிற்கவைத்து மறுபடி எடுக்க ஆரம்பித்தாள். எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். முடிஞ்சிடுச்சு என்று கத்த அப்பா இல்லை. எப்போது கைதட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.