லுவெல்லாவாக வந்த டோனா

எங்கள் பள்ளிப் பேருந்து டிப்போவில் லுவெல்லா டோலிவரின் குரலுக்குப் பயப்படாத ஓட்டுநர் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான். கதவோரத்துச் சின்ன அறையில் ரேடியோ மைக்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எந்த மஞ்சள் பஸ் எந்த மேட்டில் திணறுகிறது, எந்தப் பிள்ளை எந்த நிறுத்தத்தில் வாந்தியெடுத்தது என்று எல்லாவற்றையும் கவனித்துக்கொள்பவள் அவள். ஊதா ஸ்வெட்டர், மணிச்சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, கைப்பையில் எந்நேரமும் ஒரு புட்டி மிளகாய் சாஸ். மதியம் நாங்கள் எதைச் சூடுபண்ணி வைத்தாலும் ஒரு வாய் தின்றுவிட்டு, உலகத்தில் உப்பு உறைப்பு என்று ஒன்று இருப்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டபடி புட்டியைத் திறப்பாள்.

முதலில் அவளும் பஸ் ஓட்டத்தான் வந்தாள். இந்தப் பென்சில்வேனியா மலைச் சாலைகளில் எங்கள் கம்பெனிக்கு ஓட்டிய கறுப்பர் அன்றைக்கும் அவள் ஒருத்திதான், இன்றைக்கும் டிப்போவில் அவள் ஒருத்திதான். மேட்டுத் தெருவில் ஒருத்தன், அவள் ஓட்டும் வண்டியில் என் பையன்கள் ஏற மாட்டார்கள் என்று சொல்லிவிட்டான். வேறு தடம் தருகிறோம் என்றது கம்பெனி. லுவெல்லா மாட்டேன் என்றாள். தினமும் காலையில் அந்த வீட்டு வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, மூடிவிட்டுப் போவாள். பனிக்காலம் வந்தது, அப்பன்காரனின் வண்டி ஒருநாள் கிளம்பவில்லை, பையன்கள் வந்து ஏறிக்கொண்டார்கள். அதைப் பற்றிக் கேட்டால், அவர்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, எனக்கு வேலை இருந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். முழங்கால் போன பிறகுதான் ரேடியோ அறைக்கு வந்தாள்.

டோனா ஸ்ரோக்கா அவளுக்குத் தோழியானது ஒரு பனிப்புயலில். பஸ் நிறையப் பிள்ளைகளோடு டோனா ஒரு சரிவில் வழுக்கி நின்றுவிட்டாள். பிரேக்கில் வைத்த காலை எடுக்கப் பயந்து, ரேடியோவில் அழுதுகொண்டிருந்தாள். லுவெல்லா அவளோடு பேசிப் பேசியே அங்குலம் அங்குலமாக வண்டியைக் கீழே இறக்கவைத்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். டோனாவின் கணவன் ஸ்டானுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது, ஆஸ்பத்திரியில் கூடவே உட்கார்ந்திருந்தவள் லுவெல்லா. அந்த வைத்தியம் முழுக்க டோனாவின் கம்பெனி இன்சூரன்ஸில்தான் ஓடுகிறது. அந்த வேலை போனால் ஸ்டானின் கதி அவ்வளவுதான்.

எங்கள் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. அக்டோபர் பிறந்ததும் எல்லோருடைய பெயரையும் ஒரு காபி டின்னில் போட்டுக் குலுக்குவோம். யார் பெயர் வருகிறதோ, மாதக் கடைசியில் ஊரே வேஷம் கட்டுகிற ஹாலோவீன் அன்று காலையில் அந்த ஆளாகவே வேஷம் கட்டிக்கொண்டு வரவேண்டும். அது யாருடைய வேஷம் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கவேண்டும். வேஷம் அச்சு அசலாக இருப்பவருக்குப் பரிசு, வண்டி நிறுத்த ஷெட் சுவரை ஒட்டின, பனி விழாத இடம். குளிர்காலம் முழுக்க விடிகாலையில் கண்ணாடியில் பனி சுரண்டுகிறவர்களுக்குத்தான் அந்த இடத்தின் அருமை தெரியும். அதற்காகச் சொந்தத் தலையை மொட்டையடித்துக்கொண்டு வந்தவர்கள்கூட உண்டு.

அந்த வருஷம் டோனாவுக்கு வந்தது லுவெல்லாவின் பெயர்.

ஹாலோவீன் காலையில் நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஊதா ஸ்வெட்டரும் மணிச்சங்கிலிக் கண்ணாடியுமாக, முழங்காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தாள் டோனா. முகம், கழுத்து, கை எல்லாம் பழுப்புப் பெயிண்ட். வந்ததும் வராததுமாக லுவெல்லாவின் குரலில் எங்கள் எல்லோரையும் திட்ட ஆரம்பித்தாள். அப்படியே லுவெல்லாதான். பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் கோப்பையைப் பார்த்தார்கள். லுவெல்லா வாசலில் நின்று அவளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், தன் அறைக்குள் போனாள். டோனா உடனே ஓடிப்போய்க் கழுவிக்கொண்டாள். அதற்குள் எவனோ ஒரு மடையன் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டான்.

சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. அந்தப் பெண் ஓட்டும் வண்டியில் என் மகளை ஏற்றமாட்டேன் என்று ஒரு தாய் எழுத, பள்ளி நிர்வாகம் எங்கள் மேனேஜர் கெயிலைப் பிடித்துக்கொண்டது. டோனாவை வண்டியெடுக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்தாள் கெயில்.

அப்புறம் டிப்போவில் வேறு பேச்சே இல்லை. டோனாவின் மனதில் விஷம் கிடையாது, அன்பினால் செய்தது, மனதைத்தான் பார்க்கவேண்டும் என்று எங்கள் மொட்டைத்தலை ஓட்டுநர் எட் ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தான். வெள்ளைக்காரன் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கோமாளியாக்கிக் காசு பார்த்த காலம் இந்த நாட்டில் இருந்ததே, அது தெரியாதா உனக்கு என்று கேட்டேன். டோனா அதை நினைத்தா செய்தாள் என்றான். போன வருஷம் ஒருத்தன் என்னைப் போல மொட்டைத்தலையோடு வந்தானே, நான் கோபித்துக்கொண்டேனா என்று வேறு கேட்டான். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"உன் மொட்டைத்தலையப் பாத்துட்டு உன் வண்டில பிள்ளைய ஏத்த மாட்டேன்னு எவனாவது சொன்னானா, எட்? அப்படி ஒருத்தன் சொல்லட்டும், அப்புறமா வந்து பேசு," என்றேன். அதன்பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஆனால் கெயில் செய்ததுதான் பெரிய அநியாயம். தனக்கு மனம் புண்படவில்லை என்று லுவெல்லா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நிர்வாகத்தைச் சமாளித்துவிடுவேன், இல்லையென்றால் டோனாவின் வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும்படி சொல்லிவிட்டாள். அடிபட்டவள் தலையிலேயே பாரத்தைத் தூக்கி வைத்தாயிற்று. பிறகென்ன, ஆளாளுக்கு அந்தச் சின்ன அறைக்குப் படையெடுத்தார்கள். ஸ்டானை நினைத்துப் பார் என்றார்கள். ஒரு வார்த்தைதானே என்றார்கள். லுவெல்லா மைக்கிலிருந்து கையை எடுக்காமல், வேலையிருக்கிறது, போ என்பாள்.

வெள்ளிக்கிழமை டோனாவே வந்தாள். நான் வண்டிச் சாவியைக் கொடுக்க வந்து லுவெல்லாவின் அறையில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே போகப் பார்த்தேன். "இரு வாண்டா, யாராவது ஒருத்தர் இருக்கறது நல்லது," என்றாள் லுவெல்லா.

டோனா அழுது முகம் வீங்கியிருந்தாள். "என் மனசுல தப்பா ஒண்ணும் இல்லன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்போ அத மட்டும் கெயில்கிட்ட சொல்லிடேன் லுவெல்லா. ஸ்டானுக்காக."

லுவெல்லா கண்ணாடியைக் கழற்றினாள். "ஸ்வெட்டர் போட்டே. என்னை மாதிரியே நடந்தே. உன் குரலக் கேட்டு வெளில நின்னு நானே சிரிச்சேன்டி. வெறும் முகத்தோட வந்திருந்தாலும் அத்தனை பேரும் என் பேரத்தான் சொல்லிருப்பாங்க. அப்புறம் எதுக்கு அந்தப் பெயிண்ட்?"

"அச்சு அசலா இருக்கணும்னு..."

"அதான் சொல்றேன். இத்தனை வருஷமா என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டிருக்க. நான்னா யாரு, எப்படிச் சிரிப்பேன், எதுக்குக் கத்துவேன்னு எல்லாம் தெரிஞ்சவ நீ. அது எல்லாம் இருந்தும் உனக்குப் போதல. தோலு இல்லன்னா நான் இல்லன்னு உனக்கே தோணிருக்கு. மத்தவங்களுக்குத் தோணினா எனக்குப் பழக்கம்தான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் எவனோ கேட்டை யாராவது திறங்கள் என்று கத்தினான். லுவெல்லா பதில் சொன்னாள், குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

திங்கட்கிழமை காலையில் கெயில் டோனாவையும் வரச்சொல்லி, எல்லோரையும் கூட்டிவைத்து, மனம் புண்பட்டதா இல்லையா என்று லுவெல்லாவைக் கேட்டாள். லுவெல்லா எழுந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் டோனா எழுந்துவிட்டாள்.

"அவளக் கேக்காதீங்க. அவளுக்கு வலிச்சுது. ஒரு வாரமா என் மனசுல என்ன இருந்துச்சுன்னே எல்லாரும் பேசறோம், நானும் அதையேதான் பேசினேன். செஞ்சது நான். என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

டோனாவின் கை மேசையைப் பிடித்திருந்தது, விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. ஸ்டானின் வைத்தியத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டாள் பாவி என்று நினைத்தேன்.

கெயில் பெருமூச்சு விட்டாள். நிர்வாகத்துக்கு என்ன பதில் சொல்வது என்று லுவெல்லாவையே கேட்டாள்.

"எனக்கு வலிச்சுதுன்னு சொல்லு. அவ வேலைய எடுக்காதன்னு நான் சொன்னதாவும் சொல்லு. ரெண்டும் நான் சொன்னதுதான். பிடிக்கலன்னா நேர்ல வந்து என்னைக் கேக்கச் சொல்லு," என்றாள் லுவெல்லா.

நேரில் வர எவனுக்கும் துணிச்சல் இல்லை. டோனாவைக் கிறிஸ்துமஸ் வரை சம்பளமில்லாமல் வீட்டில் உட்காரவைத்தார்கள், இன்சூரன்ஸில் கைவைக்கவில்லை. காபி டின்னை கெயில் குப்பையில் போட்டாள்.

ஜனவரியில் டோனா திரும்பி வந்தபோது வாசலிலேயே லுவெல்லாவை நிறுத்தி, நாம் முன்னைப் போல ஆவோமா என்று கேட்டாள். ஆகமாட்டோம் என்றாள் லுவெல்லா, கோபமே இல்லாமல். வண்டி எண்ணைச் சொல்லி, மேட்டுச் சாலையில் ஐஸ் இருக்கிறது, மெதுவாகப் போ என்றும் சொன்னாள். இப்போதும் வாரந்தவறாமல் ஸ்டான் எப்படி இருக்கிறான் என்று டோனாவிடம் விசாரிக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய் என்று இன்னும் கேட்கவில்லை.