நாற்பது மீட்டர், பதினோரு நிமிடம்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் வாணி தட்டுகிறாள். அவளைக் கேலி செய்யும் இடங்களையும் விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

காலை ஏழு மணி, கிள்ளான். வாணியோடு பஸ்ஸில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில், பெரிய சாலையோர நிறுத்தம் ஒன்றில் நானே பிடிவாதமாக இறங்கினேன். எதிர்ப்பக்கம் இன்னொரு நிறுத்தம். அதன் பின்னால் ரத்தச் சுத்திகரிப்பு மையம். பக்கத்து வீட்டு லெட்சுமியை வாரம் மூன்று முறை அங்கே கூட்டிப்போவது நான்தான்.

எந்த பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று கணக்குப் போடும் மென்பொருள்தான் வாணியின் வேலை. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். யாரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம். ஊர் கூடி வைக்கும் பொங்கல் மாதிரி. இன்று பிரிக்பீல்ட்ஸில் கூடி, நண்பகலுக்குள் புதிய பதிப்பை முடிக்கிறார்கள். அது தரும் பட்டியல் நகர மன்றத்துக்குப் போகும். நேற்று சாப்பிடும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டாள்: இந்த இரண்டு நிறுத்தங்களையும் அது ஒன்றென்று எண்ணி, மையத்தின் பக்கம் இருப்பதை நீக்கச் சொல்கிறதாம்.

"நாப்பது மீட்டர்தாம்மா. அரை நிமிஷ நடை."

"நான் என்ன காக்காவா, பறந்து போக? நடுவுல கம்பி வேலி லா!"

நடக்கும் நேரத்தை எண்ண வாணி போனை ஓடவிட்டுத் தர, அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடை மேம்பாலம் ஏறினேன். ஏற நாற்பத்தெட்டு படி, இறங்க நாற்பத்தெட்டு. எண்ணத் தெரியும் எனக்கு. பதினோரு நிமிடம்.

எட்டேகால், கொமுட்டர் ரயில். எனக்குப் பாதிக் கட்டணம். ஷா ஆலம் தாண்டியதும் எழுந்து நின்றுகொண்டேன்.

"உக்காரும்மா."

"உக்காந்தா ரயிலு மெதுவா போவுது."

எதிரே இருந்த பெண், "ஆஸ்பத்திரிக்கா ஆன்டி?" என்றாள்.

"இல்லம்மா, கம்ப்யூட்டர திருத்தப் போறேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

பத்து மணி, பிரிக்பீல்ட்ஸ். இழுத்து ஆற்றிய டீ, தே தாரிக், இரண்டு வெள்ளி ஐம்பது காசு. சூட்டை ஆற்றக்கூட நேரமில்லை. பூக்கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடி. நிறுத்தங்களைச் சேர்க்கும் பகுதியை எழுதியவர் காஜாங்கிலிருந்து வந்த தினேஷ். பாலத்தையும் என் பதினோரு நிமிடத்தையும் அவரிடம் சொன்னேன்.

"ஆன்டி, ஒருத்தவங்க நடைய வச்சி எல்லா ஊருக்கும் மாத்த முடியாது. எட்டு ஊருக்கு டெஸ்ட் பண்ணிட்டோம்."

"எட்டு ஊருலயும் நடந்து பாத்தீங்களா தம்பி, உக்காந்து பாத்தீங்களா?"

சுவர்த்திரையில் ஜகார்த்தாக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். வாணி சொன்னதைக் கேட்டு அவள் தன் ஊர் வரைபடத்தைத் திறந்தாள். அங்கேயும் அதே கூத்து: நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் இருந்த நிறுத்தங்கள் ஒன்றாகியிருந்தன.  தினேஷ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேர்கோட்டுத் தூரத்தை விட்டு, நடக்கிற வழியை வைத்துச் சேர்க்கும்படி மாற்றினார். முதியவர் நடை என்று என் பதினோரு நிமிடத்தையும் அதில் போட்டார். மணி பதினொன்று ஐம்பது. எங்கள் நிறுத்தம் நீக்கும் பட்டியலிலிருந்து இறங்கியது. நான் ஒருத்திதான் கைதட்டினேன். பலமாகவே தட்டினேன்.

மாலை ஐந்து, கிள்ளான். மனசு கேட்காமல் அதே இடத்தில் இறங்கி, இன்னொரு முறை பாலம் ஏறினேன். பதினாறு நிமிடம்.

"காலைல பதினொன்னுதானம்மா?"

"காலைல இருந்த காலு வேற."

சொன்ன பிறகுதான் உறைத்தது. லெட்சுமி நாலு மணி நேரம் ஊசியோடு படுத்திருந்து, கையில் கட்டோடு வெளியே வருகிறவள். நான் கொடுத்ததோ, காப்பி குடித்துவிட்டு வந்தவளின் நடை.

"தம்பிக்குப் போன் போடு."

"வேல முடிஞ்சிருச்சும்மா!"

"யாரும் எப்பவும் திருத்தலாம்னு நீதான சொன்ன?"

வாணி தலையில் அடித்துக்கொண்டு, நிறுத்தத்துப் பெஞ்சிலேயே கணினியைத் திறந்தாள். புதன்கிழமை மையத்தை விட்டு வெளியே வந்ததும், நேரம் எண்ணும் போனை லெட்சுமி கையில் கொடுத்துப் பாலம் ஏறச் சொல்லப்போகிறேன். நான் பின்னால் நடப்பேன், அவளை முந்தாமல்.