பின்கதவில் இருந்த பெயர்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் தங்கை எழுதுவது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். யார் பெயராவது விட்டுப்போகுமோ, எதையாவது தப்பாக எழுதிவிடுவேனோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இளையரசனேந்தலில். மானாவாரி நிலம்; மழை இல்லாமல் போகவே சங்கரன்கோவிலுக்கு வந்தோம். அப்பா தவறியபின் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, பழைய வேன் ஒன்றை வாங்கினார்கள். என் கல்யாணத்தையும் அந்த வேன் ஓட்டித்தான் நடத்தினார்கள். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. பிரசவம் என்று யார் வந்து நின்றாலும், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

மகள் பிறந்ததும் வேனின் பின்கதவில் 'கோமதி' என்று எழுதவைத்தார்கள். நம் ஊரில் அந்தப் பெயரைப் பார்த்தால் கோவிலில் இருக்கும் அம்மன் என்றுதானே நினைப்பார்கள்? தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். அண்ணன் தமக்குள் சிரித்துக்கொள்வார்கள். அந்தக் குழந்தை நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். "ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எடுப்போம்" என்று தள்ளித் தள்ளி, ஒரு போட்டோகூட எடுத்திருக்கவில்லை. கதவில் இருந்த மூன்று எழுத்துதான் மிச்சம்.

ஆள் ஏற்றாத நாளில் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றும் வண்டி அது. நசுங்கிய பழத்தின் சாறு வடிந்து பின்கதவில் துரு ஏறிவிட்டது. எப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும் முன் பெயிண்ட் அடித்தே ஆகவேண்டும். மற்ற இடமெல்லாம் அண்ணனே உப்புத்தாளால் தேய்த்துவிட்டார்கள். பின்கதவுக்கு வந்ததும் கை ஓடவில்லை.

"அண்ணாச்சி, எழுத்தை விட்டுட்டுச் சுத்திவர அடிச்சிரட்டா?" என்றார் பெயிண்டர்.

அண்ணன் எழுத்தின் ஓரத்தை நகத்தால் தொட்டார்கள். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. "உள்ள துரு கெடந்தா கதவே போயிரும்" என்றார்கள்.

எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "ஏ வே, இந்த ஊர்ல இருந்துக்கிட்டு அம்மன் பேரையா சொரண்டப் போறீரு? நல்லா வாங்கிக் கட்டப் போறீரு!" என்று சிரித்தார். ஊருக்குப் புதியவர்; அவருக்குத் தெரியாது.

"அம்மன் இல்ல வே. எம் புள்ள" என்றார்கள் அண்ணன். அவர் டீயை அப்படியே வைத்துவிட்டார்.

அண்ணன் மனைவி, எங்கள் மதினி, வீட்டிலிருந்து வெளியே வந்தார்கள். மயங்கி விழுந்துவிடுவார்களோ என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். "துரு தின்னுத வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கணுமா? ஒங்க கையாலயே எடுத்துருங்க" என்றார்கள்.

அண்ணன் தேய்க்க ஆரம்பித்தார்கள். முதலில் 'தி' போயிற்று. பிறகு 'ம'. 'கோ' மட்டும் நின்றபோது மதினி அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்கள். அண்ணன் காத்திருந்தார்கள். கை தானாக விலகியபின்தான் மறுபடி தேய்த்தார்கள். தகரம் வெள்ளையாகத் தெரிந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காற்றுப் பட்டால் திரும்பத் துருப் பிடிக்கும் என்று உடனே ரெட் ஆக்சைடு பூசினார்கள்.

பெயிண்ட் காய்ந்தபின் பெயிண்டர் பிரஷோடு வந்து, "அதே பேரை எழுதிரவா அண்ணாச்சி?" என்றார்.

"வேண்டாம்யா. எழுதினா மறுபடி ஒரு நாள் சொரண்டணும்லா."

அதற்குப் பிறகும் பல வருடம் ஓட்டினார்கள். சென்ற வருடம் ஆடித்தபசுக் கூட்டம் கலைந்த வாரம் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் என்னிடம், "ஏட்டி, ஒங்க மதினி ஒத்தையில இருப்பா, பாத்துக்கோ" என்றார்கள். அதன்பின் பேசவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய வேன் ஸ்டாண்டுக்காரர்களுக்கும், எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரர்களுக்கும், பெயிண்டருக்கும், இன்றுவரை மதினிக்குத் துணையிருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. பெயர் இருந்த காலத்தில் அண்ணன் வண்டியில் கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் போனவர்கள் நிறையப் பேர். உங்கள் வீட்டு போட்டோ எதிலாவது பின்கதவு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மதினிக்காகக் கேட்கிறேன். முழுப் பெயரும் தெரியவேண்டாம், ஓர் எழுத்து தெரிந்தாலும் போதும். கசங்காமல் பார்த்துத் திருப்பித் தந்துவிடுவேன்.