மழையைக் கட்டிய கூடாரம்

வெயிலில் நாள் முழுக்க வெந்த கூடாரத்துப் "படுதா"வின் வாசனை, அதாவது பீடிப்புகையும் கடலைத் தொலியும் ஓடை மணலும் கலந்த வாசனை, அப்பாவின் சட்டையிலிருந்து கடைசிவரை போகவே இல்லை. கோவில்பட்டியில் பஞ்சாலைச் சங்கு ஊதத் தொடங்கிய காலத்தில் பருத்தித் தரகு பார்த்துவந்த எங்கள் தாத்தா, பருத்தி விற்றுச் சம்சாரிகள் கையில் காசு புழங்கும் மாதங்களில், ஒரு "ஊமைப்பட மிஷினை" மாட்டு வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டினார். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவரும் அவரே என்பதால், ஒரே படத்துக்குக் கழுகுமலையில் ஒரு முடிவும் கயத்தாறில் வேறு முடிவும் இருந்ததாகச் சொல்வார்கள். அந்தத் தொழில்தான் பிறகு பேசக் கற்றுக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு டூரிங் டாக்கீஸ் கூடாரமாக நின்று, அப்பாவிடம் வந்து சேர்ந்தது.

எங்களுக்குக் கொஞ்சம் பருத்திக்காடும் உண்டு. மழை பெய்தால் படம் கிடையாது, பெய்யாவிட்டால் பருத்தி கிடையாது. ஆகவே வானம் எப்படி இருந்தாலும் எங்கள் வீட்டில் கவலைப்பட ஒரு காரணம் இருந்தது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அடுத்தடுத்து இரண்டு ஐப்பசி பொய்த்துப்போயிற்று. கூடாரத்து வாசலில் டிக்கெட் கிழிக்கும் சுப்பையா ஒருநாள் காலையில் வந்து தயங்கி நின்றார்.

"அண்ணாச்சி, நீங்க கூடாரத்துக்கு அடியில மந்திரிச்ச தகட்டைப் புதைச்சு மழையைக் கட்டிட்டியன்னு ஊருக்குள்ள பேசுதாவ."

"படுதாவையே ஒழுங்காக் கட்ட முடியாம காத்துக்கு ஆடுது. மழையை நான் எங்கன போயி கட்ட?"

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. குழாயடியில் அம்மாவைக் கண்டதும் பேச்சு நின்றது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவன் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். "தரை டிக்கெட்"டில் மணல்தான் அதிகம் தெரிந்தது. ஒரு படுதாவுக்கு ஒரு தீக்குச்சி போதும், தீப்பெட்டி ஆபீசுகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் தீக்குச்சிக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பஞ்சம் வந்ததில்லை.

கடைசியில், அம்மாவுக்கு அண்ணன் முறையான சீனிச்சாமி மாமா தலைமையில் பத்திருபது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள்.

"தப்பா நினைக்காதிய மாப்ளே. ஒரு தடவை தோண்டிப் பாத்துட்டா மனசு ஆறிரும்."

தடுத்தால் தகடு இருப்பதாக ஆகிவிடும். அப்பா தாமே கடப்பாரையை எடுத்துக் கொடுத்தார். கம்பத்துக்கு அடியில்தான் வைப்பார்கள் என்று விவரம் தெரிந்த யாரோ சொல்ல, ஒவ்வொரு கம்பத்தின் அடியையும் பறித்தார்கள். சோடா மூடிகள், ஒற்றைச் செருப்பு, ஒரு கம்மல் கிடைத்தன. கம்மலுக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடினார்கள். தகடு இல்லை. மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, எங்கள் வீட்டில் காபி குடித்துப் போனார்கள். அன்றுதான் அப்பா நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் மழை கொட்டியது. பறித்த குழியெல்லாம் களியாகி, கம்பங்கள் ஒவ்வொன்றாகச் சாய, கூடாரம் கரிசல் சேற்றில் படுத்தது. நனைந்தபடி நின்ற அப்பாவின் தோளில் சீனிச்சாமி மாமா கையைப் போட்டார்.

"தோண்டுனதும் பெஞ்சிட்டு பாத்தியளா. போட்டும் மாப்ளே, நாங்க ஒண்ணும் மனசுல வச்சிக்கிடல."

அந்த மழைக்கு எதிராகச் சாட்சி சொல்ல அப்பாவிடம் யாரும் இல்லை. மறுபடி கம்பம் நட அவருக்குத் தைரியம் வரவில்லை. ஐப்பசி இனியும் பொய்க்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம். மணலும் இல்லை, கரிசலும் இல்லை, எல்லாம் சிமெண்டுத் தளம். இந்த ஐப்பசிக் கடைசியில், ஒரு துளி விழாத வெயிலில், அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் சீனிச்சாமி மாமாவின் மூத்த மகன், ஓய்வுபெற்ற விஞ்ஞான வாத்தியார்.

"ஏலே, உங்கப்பா அந்தத் தகட்டை வேற எங்கனயும் வச்சிருந்தாவளா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் இலையில் வைத்த கையை எடுக்காமல் பதிலுக்குக் காத்திருந்தார்.